கனடாவிடம் கொத்து வாங்கிய சேவல்

"இன்னும் ஒருக்காச் சுத்துங்கோ தம்பி" என்றார் மாமி.

நான் குசினியின் நடுவில், ஒரு விடலைச் சேவலை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, காஸ் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மூண்டு தரம் எண்டுதானே மாமி சொன்னனீங்கள்?"

"முதல் சுத்திலை உது கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. பாக்காத சுத்தைக் கணக்கிலை எடுக்க ஏலாது."

புதிதாக வந்த கோழியைக் கையில் தூக்கி, அடுப்பைச் சுற்றிக் காட்டிவிட்டால் அது வீட்டை விட்டு ஓடாது என்பது என் மனைவி வீட்டாரின் நம்பிக்கை. முற்றத்தில் விறகடுப்பு இருந்த காலத்தில் அது சுலபமான காரியம். இப்போது இருப்பது காஸ் அடுப்பு. சுவரோடு ஒட்டிய மேசையில் இருக்கிறது. சுவரை உடைக்காமல் அதைச் சுற்ற முடியாது.

மாமி கொஞ்சம் யோசித்தார். நெருப்பு எங்கிருந்து வருகிறது? சிலிண்டரிலிருந்து. அப்படியென்றால் அடுப்பும் அதுதான். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நடுக் குசினியில் நிறுத்தச் சொன்னார். அடுப்பில் குக்கர் இருந்ததால் குழாயைக் கழற்றாமலே நிறுத்தினேன். மருமகன் என்றால் கேள்வி கேட்கக் கூடாது.

நாலாவது சுற்றில் பிறஷர் குக்கர் விசில் அடித்தது. சேவல் என் கையை உதறிக்கொண்டு பறந்து, மனைவியின் தங்கை, மச்சாள் ரமணியின் தலையைத் தொட்டு, அலுமாரியின் மேலே போய் விழுந்தது. அங்கே இருந்த அரிசிமாத் தகரம் கீழே வந்தது. மா முழுதும் நிலத்தில்.

மாமி, என் மனைவி சுகந்தி, ரமணி மூன்று பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். பாதி வெள்ளையாகிப் போன சேவல் மூலையில் ஒடுங்கி நின்று கீழே பார்த்தது. எந்தப் பக்கம் இறங்குவது என்று அதற்குத் தெரியவில்லை.

எனக்கு அதன் மேல் பாசம் வந்தது அந்த நிமிடத்தில்தான். இந்த வீட்டுக்கு வந்து நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

புது ஆள்

என் கல்யாணக் கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் போனில் பிடித்து, "அப்ப நீங்கள் வீட்டோட மாப்பிள்ளையோ?" என்று இழுத்தார். எங்கள் பக்கத்தில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடுதான் ஐயா. வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேர வேண்டியவர். நான் அனலைதீவிலிருந்து புளியங்கூடலுக்கு வந்தேன். சூட்கேசோடு, தண்ணிப் பம்பி திருத்தும் சாமான் பெட்டியும் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமனார் காலமாகிப் பல வருடம். வீட்டில் மூன்று பெண்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் கேட்கவும் செய்வார்கள். எந்தக் கதிரை யாருடையது, எந்தக் கோப்பையில் யார் தேத்தண்ணி குடிப்பது, கிணற்றடியில் யாருக்கு எந்த நேரம், எல்லாம் நான் வருவதற்கு முன்பே தீர்மானமாகி விட்டிருந்தது. நான் பெரும்பாலும் விறாந்தையின் ஓரத்தில் இருந்தேன். அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு வந்தால் முதல் அகப்பையோடு "போதும் மாமி" என்பேன். பசி இருக்கும். இரண்டாவது தரம் கேட்க வாய் வராது. எத்தனையோ நாள் வேலணைக்குப் பம்பி பார்க்கப் போன இடத்தில் கடையில் வடை வாங்கித் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

இது பரம்பரை வியாதி. என் அப்பாவும் எழுவைதீவிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தவர். வந்து முதல் வருசம் முழுக்க "எனக்குப் பசிக்கேல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் அம்மா கிணற்றடியிலிருந்து திரும்பி வந்த நேரம், குசினிக்குள் நின்றபடி வெறும் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டா. அடுத்த நாளிலிருந்து கேட்காமலே இரண்டு மடங்காகப் போட்டாவாம். அப்பா செத்த பிறகுதான் இதை எங்களுக்குச் சொன்னா. சொல்லும்போது சிரித்தா, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டா.

நாலு நாடுகள்

சேவலுக்கு வருகிறேன். மாமியிடம் நாலு பேட்டுக்கோழிகள் இருந்தன. பெயர்கள்: கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே.

மாமியின் கூடப்பிறந்தவர்கள் நாலு பேரும் அந்த நாலு நாடுகளில் இருக்கிறார்கள். "அவையைக் கூப்பிட்டால் வராயினம். உதுகளாவது கூப்பிட்ட உடனை வரட்டும்" என்று அந்தப் பெயர்களை வைத்தாராம். பின்னேரம் ஆனால் குறுணலைச் சுளகில் எடுத்துக்கொண்டு, "கனடா, பா பா பா" என்பார். நாலும் விழுந்தடித்துக்கொண்டு வரும். வீதியால் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கனடாதான் தலைவி. செம்மண் நிறம், பெரிய உடம்பு, கொண்டை ஒரு பக்கம் கிழிந்திருக்கும். அது தின்ற பிறகுதான் மற்றவை தின்னும். பழைய சேவலைத் தெருநாய் பிடித்த பிறகு முற்றம் முழுக்க அதன் ஆட்சி.

சேவல் இல்லாவிட்டால் அடை வைக்க முடியாது, முட்டை குஞ்சாகாது. இதை ஒரு பேச்சுக்கு அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன். அடுத்த முறை அனலைதீவுக்குப் போனபோது உரப்பை ஒன்றில் ஓட்டை போட்டு, தலையை வெளியே விட்டு, ஒரு விடலைச் சேவலைக் கட்டி வைத்திருந்தா.

"குஞ்சிலையிருந்து கையிலை வைச்சு வளத்தனான் மோனை. கொஞ்சம் பயந்த சாதி. பாத்துப் பழக்கு."

படகில் வரும்போது சேவல் ஒரு சத்தமும் போடவில்லை. பக்கத்தில் இருந்த மனிசன் ஒருவர், "உயிரோடதானோ கொண்டு போறீர்?" என்று கேட்டார்.

அலுமாரியிலிருந்து தும்புத்தடியால் இறக்கி முற்றத்தில் விட்டதுதான் தாமதம், கனடா நேரே வந்து தலையில் ஒரு கொத்து. லண்டன் முதுகில். சுவிஸ் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. நோர்வே சின்னக் கோழி. அதுகூட ஓடி வந்து ஒன்று போட்டுவிட்டுப் போனது. சேவல் ஓடிப்போய்க் கிணற்றடியில் பம்பிக்குப் பின்னால் ஒளித்தது. அதன் பிறகு அதுதான் அதன் வீடு.

ரமணி அதற்கு ஒரு பெயர் வைத்தாள், அனலைதீவார். "அத்தான், உங்கட அனலைதீவார் இண்டைக்கும் வெளியிலை வரேல்லை. உங்கட ஊரிலை எல்லாரும் இப்பிடித்தானோ?" என்பாள். மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிசி புடைப்பார். சுகந்தி, "சும்மா இரடி" என்பாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் சுள்ளென்று இருக்கும்.

ஊருக்கே கேட்கும் போன்

அம்மா அடிக்கடி போன் எடுப்பா. என் போனில் காதில் வைத்துக் கேட்கும் பக்கம் பழுது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஊர்ப் பம்பி எல்லாம் திருத்துகிறவன் சொந்தப் போனைத் திருத்தவில்லை என்று சுகந்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆக, அம்மா பேசுவது முழு வீட்டுக்கும் கேட்கும்.

"சாவல் எப்பிடி மோனை?"

"நல்லா இருக்கு அம்மா."

"சாப்பிடுதோ? வயிறு நிறையச் சாப்பிடுதோ?"

"ஓம் அம்மா."

"பேடுகள் கொத்துதுகளோ?"

"சீச்சீ, இல்லை அம்மா. நல்லாப் பழகிட்டுது. கூவுது."

அது கூவவில்லை. ஒரு கொக்கொக்கூட இல்லை. பம்பிக்குப் பின்னால் நின்று, பேடுகள் தின்று முடித்த பிறகு வந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபமும் வந்தது, மறைப்பானேன். ஒவ்வொரு முறையும் சாவல், சாவல், சாவல். பெற்ற பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஒரு சொல் இல்லை. என்னைவிடச் சேவல் பெரிதாகிப் போனதோ என்று மனதுக்குள் முறுகிக்கொண்டிருந்தேன்.

சேவலைத் தந்த புதிதில் அம்மா ஒரு யோசனையும் சொல்லியிருந்தா. "பொழுதுபடேக்கை, மரத்திலை பேடுகளுக்குப் பக்கத்திலை மெதுவா விடு. இருட்டிலை ஆர் எண்டு தெரியாது. விடிய எழும்பேக்கை பழகின மாதிரி இருக்குங்கள்." எங்கள் கோழிகள் முருங்கையில்தான் படுக்கும். ஏணி வைத்து ஏறி, நோர்வேக்குப் பக்கத்தில் விட்டேன். நான் ஏணியிலிருந்து இறங்குவதற்கு முன்பே சேவல் இறங்கிவிட்டது. கனடா இருட்டிலும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

வாடை அடங்கும் வரை

அந்த முறை வாடைக்காற்று பலமாக அடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "கடல் இறங்கட்டும், வந்து பாக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. மெல்ல மெல்லக் காற்று குறைந்தது. ஒருநாள், "வாற கிழமை வாறன் மோனை. வெள்ளிக்கிழமை விரத நாள், அது இல்லாத நாளாப் பாத்து வாறன்" என்றா.

அன்று பின்னேரம் சுகந்தி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, எங்கட அம்மா ஒரு கதை சொன்னவா."

சம்பந்தி முதல் முறை வீட்டுக்கு வரும்போது கடைக்கோழி வாங்கிச் சமைத்துப் போட்டால் மரியாதை இல்லை. வளவில் வளர்ந்த கோழி வேண்டும். பேட்டை வெட்ட முடியாது. பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பேடு வெட்டினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது இந்த வீட்டுச் சட்டம். ரமணிக்கு இன்னும் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது மிச்சம் இருப்பது?

"அனலைதீவாரோ?" என்றேன்.

"கூவிறேல்லை, பேடோட சேர்றேல்லை, சும்மா திண்டுகொண்டு நிக்கிறதை வைச்சு என்ன செய்யிறது எண்டு கேக்கிறா."

"அது என்ரை அம்மா தந்தது."

"அதை எங்கட அம்மாவிட்டைச் சொல்லுங்கோவன்."

சொல்லலாம்தான். ஆனால் மாமியின் குசினிக்குள் போய், இதைச் சமைக்காதேங்கோ என்று சொல்வதற்கு, முதலில் இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதுவே வரவில்லை. அம்மா வளர்த்த சேவலை அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையிலேயே போட்டுக் கொடுப்பார்கள், நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு நாள் நித்திரை இல்லை.

ஒரு வழிதான் இருந்தது. பேடுகளோடு சேர்ந்துவிட்ட சேவலை யாரும் வெட்ட மாட்டார்கள்.

கறையான்

சின்ன வயதில் அனலைதீவில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரு பழைய மண்முட்டிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையும் சாணகமும் போட்டு, தண்ணீர் தெளித்து, பனையடியில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் தூக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கறையான். கோழிகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை.

முட்டியைக் கொண்டுபோய்ப் பம்பிக்குப் பின்னால், சேவலின் காலடியில் கொட்டினேன். தின்று கொஞ்சம் தெம்பு வரட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அது தின்னவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கறையானைக் கொத்தித் தூக்கியது, திரும்பக் கீழே போட்டது. பிறகு தொண்டைக்குள் இருந்து ஒரு சத்தம், கொக் கொக் கொக் கொக் என்று, விட்டு விட்டு, மெதுவாக. நாலு மாதமாக அடித்த அடிக்கு, தான் ஒரு வாய் தின்னாமல் பேடுகளைக் கூப்பிடுகிறது! நான் பம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசர்ச் சேவல் என்று வாய்விட்டுச் சொன்னேன். கண் கலங்கிப் போயிற்று.

முதலில் நோர்வே வந்தது. பிறகு சுவிஸ். லண்டன் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. மூன்றும் தலையைக் குனிந்து தின்றன, சேவலை யாரும் கொத்தவில்லை. கடைசியாகக் கனடா வந்தது. மிச்சம் இருந்த எல்லாக் கறையானையும் தின்றது. தின்று முடித்துவிட்டு, நிமிர்ந்து, சேவலின் தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது.

நிமிர்ந்து பார்த்தேன். குசினி யன்னலில் மாமி நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் பார்த்ததும் உள்ளே போனார்.

அடுத்தடுத்த நாட்களிலும் கறையான் வைத்தேன். மூன்று பேடுகளும் சேவலின் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரியத் தொடங்கின. ஆனால் கனடாவைக் கண்டால் எல்லாம் பழையபடிதான். சேவல் பம்பிக்குப் பின்னால். கூவலும் இல்லை.

அம்மா வரும் நாளும் வந்தது.

கறி மணம்

காலையில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போய் அம்மாவை மோட்டர்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நேரே வந்தால் கொஞ்ச நேரம்தான். நான் சுற்றி வந்தேன். "இது எந்த வழி மோனை?" என்று அம்மா கேட்டா. "றோட்டுத் திருத்துறாங்கள்" என்றேன்.

படலையைத் திறக்கும்போதே மணம் வந்துவிட்டது. வறுத்த தூள், கறிவேப்பிலை, தேங்காய்ப்பால், கோழி. அம்மாவும் மூச்சை இழுத்தது தெரிந்தது.

"சாவல் எங்கை நிக்குது?"

நான் மோட்டர்சைக்கிளைப் பூட்டுகிற மாதிரிக் குனிந்தேன். அம்மா தானே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனா. நான் பின்னால் போனேன்.

முருங்கையடியில் சேவல் நின்றது. நடு முற்றத்தில், வெயிலில். அதைச் சுற்றி லண்டன், சுவிஸ், நோர்வே. நான் இரண்டு தரம் எண்ணினேன்.

"மாமி, கனடா எங்கை?"

மாமி குசினி வாசலில் அகப்பையோடு வந்து நின்றார். "சட்டிக்குள்ளை."

"பேடு வெட்டிறேல்லை எண்டு..."

"அது என்ரை அம்மா சொன்ன சட்டம். நான் மாத்தினனான். ரமணிதான் பிடிச்சுத் தந்தவள். முட்டையும் இல்லை, வாய் மட்டும்தான் எண்டு அவளே சொல்லிப்போட்டாள். உள்ளுக்கை வாங்கோ சம்மந்தியம்மா, வெயிலுக்கை நிக்காதேங்கோ."

சாப்பிட இருந்தோம். அம்மாவின் கோப்பையில் கறியை வைத்துவிட்டு மாமி எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஒரு கதை சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் போனிலை சாவலைக் கேக்க, நான் அரிசி புடைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். சாப்பிடுதோ, வயிறு நிறையுதோ, ஆரும் கொத்துதோ. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஆரும் ஒரு சாவலின்ரை பசியை அப்பிடிக் கேப்பினமோ? உங்கட பிள்ளையைத்தான் கேக்கிறியள் எண்டு எனக்கு விளங்கினது. பிறகு அதைச் சட்டியிலை வைக்க எனக்குக் கை வரேல்லை."

நான் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தேன். அத்தனை மாதம் ஸ்பீக்கரில் கேட்டவன் நான். எனக்கு விளங்கவில்லை. முறுகிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. "நேர கேட்டால் நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டுதான்... இவன்ரை அப்பா எங்கட வீட்டிலை பசியோட கிடந்தவர். எனக்கு அது மறக்கிறேல்லை."

"உவரும் பசியோடதான் கிடந்தவர். வேலணைக் கடையிலை வடை திண்டுபோட்டு வாறது எங்களுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறார்" என்றார் மாமி. "அந்தக் கடைக்காரி சுகந்தியோட படிச்சவள்."

சொல்லிக்கொண்டே என் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டார், அதற்கு மேல் கனடாவின் கால் ஒன்று. நான் போதும் என்று சொல்லவில்லை. இறைச்சி கொஞ்சம் கடினம்தான். வயது போன கோழி. ஆனால் அப்படி ஒரு கறியை நான் அதற்கு முன்னும் தின்னவில்லை, பின்னும் தின்னவில்லை.

விடிய

அம்மா அன்று எங்களோடு தங்கினா. விடிந்து வரும்போது வெளியே ஒரு சத்தம். தகரத்தை ஆரோ இழுத்த மாதிரி, பாதியில் உடைந்து நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும். இந்த முறை கொஞ்சம் நீளமாக.

ரமணி பல் துலக்கும் பிறஷோடு முற்றத்துக்கு ஓடினாள். சுகந்தி பின்னால் ஓடினாள். நானும் போனேன். அனலைதீவார் பம்பிக்கு மேலே ஏறி நின்று, கழுத்தை நீட்டிக்கொண்டு, மூன்றாவது தரம் முயன்றுகொண்டிருந்தார்.

அம்மா விறாந்தைப் படியில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டா. பிறகு என்னைப் பார்த்தா.

"உது பழகின கூவல் இல்லையே. இண்டைக்குத்தான் துவங்கியிருக்கு."

நான் பம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாசக் கணக்காக் கூவுது எண்டெல்லோ சொன்னாய்?"

ரமணி வாயில் நுரையோடு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கிட்ட வந்து, என் தோளில் கையை வைத்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, எல்லாருக்கும் முன்னால், நேரே கேட்டா.

"நீ எப்பிடி மோனை இருக்கிறாய்?"

நான் வாயைத் திறப்பதற்குள் குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது.

"சாப்பிடுறார் சம்மந்தியம்மா. நித்திரையும் கொள்ளுறார். இன்னும் கூவத்தான் இல்லை. கூவுவார், பொறுங்கோ."